துடைத்து வைத்த சேதம்

காற்று அடித்து ஓய்ந்த காலையில், பின்னறைக் கூரையில் மூன்று தகரங்களைக் காணோம். ஒன்று பக்கத்து வீட்டு மதில்மேல் குதிரை ஏறி உட்கார்ந்திருந்தது. ஒன்று தெருவில் மல்லாந்து கிடந்தது. மூன்றாவது, போகவும் மனமில்லாமல் இருக்கவும் முடியாமல், ஓர் ஓரத்தில் மட்டும் தொங்கிக்கொண்டு மிச்சக் காற்றுக்கு டப் டப் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் அந்தத் தகரங்கள் எழும்பி எழும்பி விழுந்ததில் உள்ளே தண்ணீர் இறங்கி, கீழே அடித்திருந்த சீலிங் பலகை ஊறிப் பருத்திருந்தது. விடிகிற நேரத்தில் ஒரே ஒரு பெருங்காற்று. தகரம் பிய்ந்த சத்தமும் பலகை விழுந்த சத்தமும் சேர்ந்தே கேட்டன. பலகை விழுந்தது சின்னுவின் கட்டில்மேல். சின்னு அப்போது சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு இரண்டாவது பெண், அதனால் சின்னு. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா கல்யாணமாகிப் போன பிறகு அந்த அறையும் கட்டிலும் அவளுடைய தனிச்சொத்து.

“நல்லவேளை, உனக்குத் தாகம் எடுத்துச்சு” என்றாள் அம்மா. சித்தப்பாவும் நல்லவேளை என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பக்கத்து வீட்டு வேன்காரர் மதில்மேலிருந்த தகரத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு அவர் பங்குக்கு ஒரு நல்லவேளை சொன்னார். “இனிமே ராத்திரி ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுப் படு, ரெண்டு தடவை எந்திரிக்கலாம்” என்று சித்தி சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சின்னுவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. மற்றவர்களுக்கு.

அப்பா வேறு ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறார். வார இறுதியில்தான் வருவார். விஷயம் கேட்டதும் போனில் அவர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: “துடைப்பம் எங்க இருக்கு?”

“ஏன், நீங்க வந்து கூட்டப் போறீங்களா?” என்றாள் அம்மா.

“அதை எங்கயாவது ஒளிச்சு வை. யாரும் எதையும் தொடக் கூடாது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, இப்பவே போன் பண்ணிச் சொல்லப் போறேன். அவங்க கேட்கிறது போட்டோ. சின்னுவை விட்டு முதல்ல போட்டோ எடு. அப்புறம் உன் இஷ்டம்.”

இன்சூரன்ஸ் என்ற ஒன்று இருப்பது அம்மாவுக்கும் தெரியும். வீட்டுக்கடன் வாங்கியபோது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. “வருஷா வருஷம் கட்டுறோம், அவங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல” என்று ஒவ்வொரு வருடமும் கட்டும்போது ஒருமுறை சொல்வாள். இப்போது அதுதான் கூரை. அது வந்தால் புதுத் தகரம். வராவிட்டால் அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் தார்ப்பாய்தான். வேறு வழி அந்த வீட்டில் யார் கையிலும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்தே ஒரு பெண் அம்மாவைக் கூப்பிட்டாள். நிதானமான குரல். அறையின் நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுக்க வேண்டும், சேதத்தைத் தள்ளி நின்றும் கிட்டப் போயும் எடுக்க வேண்டும், உடைந்ததை எதையும் தூக்கிப் போடக் கூடாது, நாளைக் காலையில் சர்வேயர் ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார் என்று வரிசையாகச் சொன்னாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்றாள். போனை வைத்ததும் அவள் மனதில் தங்கியது கடைசி வரி மட்டும்தான். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள்.

“சின்னு, போ, சட்டுனு எடுத்துட்டு வா. எங்களுக்கு உள்ள வேலை இருக்கு.”

வீட்டில் எது நடந்தாலும் படம் எடுப்பது சின்னுதான். நல்ல கேமரா இருக்கிற போன் அவளுடையது. கை நடுங்காது, யார் தலையையும் வெட்டாமல் எடுப்பாள் என்று உறவுக்குள் அவளுக்கு ஒரு பேர் உண்டு. போனை எடுத்துக்கொண்டு பின்னறை வாசல்வரை போனாள்.

கதவு திறந்தே இருந்தது. பலகை கட்டிலின் தலைமாட்டில், ஒரு மூலை தலையணைமேல் குத்தி, மறுமூலை சுவரில் சாய்ந்து நின்றது. மேலே பெரிய ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் இன்னொரு துண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கியது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, சரியாகத் தலையணைமேலேயே விழுந்துகொண்டிருந்தது.

சின்னுவின் வலது கால் வாசற்படியைத் தாண்டவில்லை. தாண்டு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கால் அவளுடையது போலவே இல்லை. நாலு மூலையிலிருந்தும் எடுக்க வேண்டும். நாலு மூலைக்கும் போக வேண்டுமானால் அந்தத் துண்டுக்குக் கீழே நடக்க வேண்டும்.

போன் பிடித்த கையை மட்டும் உள்ளே நீட்டினாள். முகத்தை ஹால் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினாள். கையை அப்படித் திருப்பி அழுத்தினாள், இப்படித் திருப்பி அழுத்தினாள். பிறகு ஓடிவந்துவிட்டாள்.

“எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

“எல்லாத்தையும்?”

“எடுத்துட்டேன்மா.”

அந்த வார்த்தைக்காகத்தான் துடைப்பம் காத்திருந்தது.

அம்மாவும் சித்தியும் உள்ளே இறங்கினார்கள். சித்தி மருந்துக் கடையில் பில் போடுகிறவள், அன்றைக்கு லீவு சொல்லிவிட்டாள். சுத்தம் என்று வந்துவிட்டால் ஓரகத்திகள் இருவரும் ஒரே கட்சி. தொங்கிக்கொண்டிருந்த துண்டை ஒட்டடைக்கம்பால் இடித்துத் தள்ளினார்கள். ஈரம் கோத்த மெத்தையை வெளியே இழுத்து அலசி, வெயில் வந்ததும் காயப்போட்டார்கள். சுவரில் வழிந்திருந்த பழுப்புக் கோடுகளைச் சித்தி ஸ்டூல்மேல் ஏறி நின்று பிளீச்சிங் தூள் போட்டுத் தேய்த்தாள். போகாத இடத்தில் அம்மா ஹாலிலிருந்த காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினாள்.

“உடைஞ்சதைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு சொன்னாங்களேக்கா” என்றாள் சித்தி, நடுவில் ஒருமுறை.

“தூக்கிப் போடலையே. குடுத்துட்டேன்.”

வேன்காரர் வீட்டு வாசலில் ஒரு குழி உண்டு. மழை வந்தால் அவருடைய வேன் அதில் இறங்கி அடம்பிடிக்கும். குழியை நிரப்பப் பலகைத் துண்டுகளை அவர் கேட்டார், அம்மா கொடுத்துவிட்டாள். தெருவில் கிடந்த தகரத்தையும் மதிலிலிருந்து இறக்கியதையும் பழைய இரும்பு எடுக்கிறவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மத்தியானம் கூரை வேலைக்காரர் வந்து, தொங்கின தகரத்தையும் கழற்றிப்போட்டு, மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். அந்தத் தகரமும் இரும்புக்காரரின் அடுத்த நடையில் போய்விட்டது.

சாயங்காலம் அந்த அறை அக்கா கல்யாணத்தன்று இருந்ததைவிட நன்றாக இருந்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். “இப்ப யார் வேணும்னாலும் வரட்டும்.”

இரவு சாப்பிட்டு முடித்த நேரத்தில் அப்பா கூப்பிட்டார். “சின்னு, அந்தப் போட்டோவை எல்லாம் எனக்கு அனுப்பி விடும்மா. நான் ஒரு தடவை பார்த்துட்டு அவங்களுக்கு அனுப்புறேன்.”

சின்னு அப்போதுதான் முதல்முறையாக அவற்றைத் திறந்து பார்த்தாள். திறந்த விரல் அப்படியே நின்றது.

“இங்க சிக்னல் சரியில்லப்பா. போட்டோ போக மாட்டேங்குது.”

“காத்துல டவர் போயிருக்கும். சரி விடு, காலையில சர்வேயர் வரும்போது நேர்லயே காட்டிடு. நீ எடுத்து வச்சதே போதும், பாதி வேலை முடிஞ்ச மாதிரி.”

பின்னறையில் படுக்க முடியாது என்பதால் ஹாலில்தான் எல்லாருக்கும் படுக்கை. அம்மா படுத்ததும் தூங்கிப்போனாள். நாளெல்லாம் தேய்த்த களைப்பு. சித்தப்பாவுக்கு அன்றைக்குப் பகலோடு இரவு வேலையும் சேர்ந்துவிட்டது, மறுநாள்தான் வருவார். பின்னறைத் தார்ப்பாய் புடைத்துப் புடைத்து அடங்கியது. அது அடங்குகிற ஒவ்வொரு முறையும் சின்னு கண்ணைத் திறந்தாள்.

“சித்தி, தூங்கிட்டீங்களா?”

“ஆமா. அசந்து தூங்கிட்டிருக்கேன். சொல்லு.”

சித்தி திரும்பிப் படுத்தாள். போன் வெளிச்சத்தில் பிள்ளையின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“என்னடி?”

“போட்டோ இல்ல சித்தி.”

“அழிஞ்சு போச்சா?”

“எடுக்கவே இல்ல. எடுத்தேன், ஆனா எடுக்கல.” போனை அவள் பக்கம் தள்ளினாள்.

சித்தி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முதலில் கதவு நிலை. பிறகு ஏதோ வெளுப்பாக, கலங்கலாக. பிறகு கட்டிலின் ஒரு காலும் பாதிக் கட்டைவிரலும்.

“இது என்னது?”

“என் முழங்கை.”

“முழங்கைக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு உங்கப்பாவைக் கேட்கணும்.” சித்தி சிரிப்பை அடக்கப் போர்வையை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னு சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் போர்வையை எடுத்தாள். “ஏன்டி, உள்ள போகலையா நீ?”

“கால் வரல.”

“நாங்க நாள் பூரா உள்ளதான இருந்தோம்.”

“எனக்குத் தெரியும் சித்தி. நீங்க உள்ள இருக்கும்போது எல்லாம் நான் வெளியில நின்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். எப்ப வெளிய வருவீங்க, எப்ப வெளிய வருவீங்கன்னு. நல்லவேளை நல்லவேளைங்கறாங்க எல்லாரும். ஒரு வாய்தான் குடிச்சிருந்தேன். சோம்பேறித்தனமா இருக்கு, அப்புறம் போய்க் குடிக்கலாம்னு முதல்ல நினைச்சேன். நினைச்சிட்டுத் திரும்பிக்கூடப் படுத்துட்டேன். அப்புறம்தான் எந்திரிச்சேன். அதை நினைச்சா...” அம்மா பக்கம் பார்த்துவிட்டுக் குரலை மேலும் தணித்துக்கொண்டாள். “தலகாணி மேலதான் விழுந்துச்சு சித்தி. நேரா தலகாணி மேல.”

சித்தி எழுந்து உட்கார்ந்தாள்.

“அந்தத் தலகாணி இப்ப எங்கன்னு தேடினியா?” என்றாள்.

“இல்ல.”

“தேடாத.”

பிறகு சின்னுவின் போர்வையை இழுத்து விட்டாள். “நாளைக்கு என்ன பண்றது சித்தி?” என்றாள் சின்னு. “என்னாலதான் கூரை போச்சுன்னு ஆயிடும். நான் எடுத்துட்டேன்னு சொன்னதாலதான அம்மா எல்லாத்தையும் அள்ளித் துடைச்சாங்க.”

“ஒரு பக்கெட் தண்ணியை ஊத்தி மறுபடி நனைச்சு வச்சிடலாமா? கறையை வேணும்னா டீத்தூள் போட்டு நான் வரைஞ்சு தரேன்.”

“சித்தி.”

“சரி சரி. வேண்டாம். எனக்கு வரையவும் வராது.” சித்தி மல்லாந்து படுத்தாள். “பொய்யை வளர்த்துக்கிட்டே போக நமக்குத் தெம்பு இல்ல. சர்வேயர்கிட்ட சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கிறேன். விழுற திட்டுல பாதி எனக்கு. நீ எடுக்கல, நான் துடைச்சேன். நல்லா அமைஞ்சோம் போ.”

மறுநாள் சர்வேயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அம்மா வயதுப் பெண். மழைக்கோட்டு, தோளில் பை, வலது முழங்காலில் பட்டை. காற்றடித்த நேரத்திலிருந்து ஏணி ஏறி ஏறி முட்டி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். அம்மா தேநீர் கொடுத்தாள். சர்வேயர் நின்றபடியே பாதி குடித்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

மடிப்புக் கலையாத போர்வை. பளிச்சென்று சுவர். காலண்டர். சீலிங்கில் ஓட்டையைச் சுற்றித் தொங்கின சிலாம்புகளைக்கூடச் சித்தி கத்தரியால் நறுக்கி, சதுரமாக, ஏதோ வேண்டுமென்றே வைத்த ஜன்னல் போல ஆக்கியிருந்தாள். உள்ளே நீலத் தார்ப்பாய் தெரிந்தது.

சர்வேயர் சுற்றிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் சுற்றிப் பார்த்தாள். “சேதம் எங்கங்க?”

“அதெல்லாம் துடைச்சிட்டோம் மேடம்” என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாக.

“சேதத்தைத் துடைச்சிட்டீங்களா?”

“நீங்க வர்றீங்கன்னு...”

சர்வேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மழைக்கோட்டில் துடைத்து மாட்டிக்கொண்டாள். “அம்மா, நான் குப்பையைப் பார்க்கிறதுக்குத்தான் சம்பளம் வாங்குறேன். சரி, போட்டோ எடுத்திருப்பீங்கல்ல? அதைக் காட்டுங்க. அது இருந்தா போதும்.”

“சின்னு.”

சின்னு வாசற்படிக்கு இந்தப் பக்கம், சித்தியின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். “இல்ல” என்றாள்.

“என்ன இல்ல?”

“போட்டோ இல்லம்மா. நான் உள்ள போகல. வெளியில நின்னு கண்ணை மூடிக்கிட்டு எடுத்தேன். ஒண்ணும் விழல. எடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்.”

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. ஆள் இருக்கிற இடத்தில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “நாலு போட்டோ எடுக்க உனக்கு என்ன வலிக்குது? ஊர்ல இருக்கிற நாய் பூனையை எல்லாம் படம் பிடிக்கத் தெரியுது. அந்த மனுஷன் அங்க உன்னை நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். உள்ள போய்ட்டு வர ஒரு நிமிஷம் ஆகுமா? சொல்லு, என்ன கேடு வந்துச்சு உனக்கு?”

சித்தி அங்கிருந்து நகர்ந்தாள். பக்கத்தில் நிற்கிறேன் என்றவள் போகிறாளே என்று சின்னு திரும்பிப் பார்த்தாள். சித்தி கொல்லைப்புறம் போய், துணி துவைக்கிற மேடைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து ஹால் நடுவில் வைத்தாள்.

“இதை மட்டும் நான் தூக்கிப் போடலக்கா. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன்.”

சாக்குக்குள் தலையணை. ஈரம் காயாமல் நாற்றம் பிடித்திருந்தது. பலகையின் உடைந்த மூலை ஒன்று அதன் நட்டநடுவில் குத்தி இறங்கியிருந்தது. அந்த மூலையிலிருந்து ஒரு ஆணி உறையைக் கிழித்து, பஞ்சையும் கிழித்து, அடிப்பக்கமாக எட்டிப் பார்த்தது. “இழுத்துப் பார்த்தேன், வரல. அப்படியே சாக்குல போட்டுட்டேன்” என்றாள் சித்தி.

அம்மா பார்த்தாள். இரவெல்லாம் அந்தத் தலையணையில் இருந்த தலை எதிரில் நின்றுகொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். திட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைக் கையால் துழாவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

“யார் தலகாணி இது?” என்றாள் சர்வேயர்.

“என்னோடது” என்றாள் சின்னு.

சர்வேயர் குனிந்து அதைப் படம் எடுத்தாள். மேலிருந்து ஒன்று, ஆணி தெரியும்படி ஒன்று. எடுத்துவிட்டுச் சாக்கை அவளே மூடினாள். “இந்தப் பலகைக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கே. மிச்சப் பலகை எங்க?”

எல்லாரும் தெருவுக்குப் போனார்கள். வேன்காரர் வீட்டுக் குழியில் சேற்றுக்கு நடுவே பச்சை பச்சையாகத் தெரிந்தது. சித்தப்பா எங்கோ மிச்சமான பெயிண்டை வாங்கிவந்து அடித்த நிறம். தெருவில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒரு பச்சை கிடையாது. அந்தப் பச்சைமேல் வேன் ஜம்பமாக நின்றிருந்தது.

“வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கண்ணே” என்றாள் சித்தி.

“அதெல்லாம் முடியாதும்மா. இப்பதான் ஒழுங்கா நிக்குது. குடுத்ததைத் திருப்பிக் கேட்டா நான் எங்க போவேன்?”

“நீங்க நிக்கிறது எங்க வீட்டு சீலிங் மேல. படம் எடுத்துட்டுக் குடுத்துடுறோம், அப்புறம் ஜென்மத்துக்கும் வச்சுக்கோங்க.”

வேன்காரர் முணுமுணுத்தபடி வண்டியைப் பின்னால் எடுத்தார். சர்வேயர் குழியைப் படம் எடுத்தாள். ஒரு துண்டைக் கையில் வாங்கி, ஊறிய பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பழைய பூஞ்சை இல்லை, புதிதாக ஊறினதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் சங்கதியை மறைக்காமல் சொன்னாள். “சீலிங்குக்கு இது போதும். மெத்தை கஷ்டம், நீங்க அலசிக் காயவச்சு அது புதுசு மாதிரி இருக்கு. ஆனா பெரிய விஷயம் கூரை. தகரம் துருப்பிடிச்சு தானா விழுந்துச்சா, காத்து பிய்ச்சுக்கிட்டுப் போச்சா, அதுதான் கேள்வி. துருன்னா ஒண்ணும் வராது. தகரத்தையும் இரும்புக்குப் போட்டுட்டீங்க. தார்ப்பாயைப் பிரிக்கலாம்னா மறுபடி மேகம் கட்டுது. மிச்சத் தகரத்தோட ஓரத்தையும் சட்டத்தையும் உள்ளேர்ந்து பார்த்தா தெரிஞ்சிடும். அந்த ஓட்டைக்குள்ள தலையை விட்டு யாராவது படம் எடுக்கணும். எனக்கு இந்த முட்டியோட முடியாது.”

“நான் ஏறுறேன்” என்றாள் அம்மா.

“உங்களுக்கு எட்டாதுக்கா. எனக்கும் எட்டாது” என்றாள் சித்தி. “எங்க வீட்டுக்காரர் வரட்டும். மத்தியானம் ஆகும்.”

“மத்தியானம் நான் வேற ஊர்ல இருப்பேன்” என்றாள் சர்வேயர்.

வீட்டில் உயரம் யார் என்று அளந்து பார்க்கத் தேவையில்லை. ஆனால் யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் அவள் ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பாள். மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நான் ஏறுறேன்” என்றாள் சின்னு.

“நீ வேண்டாம்” என்றாள் அம்மா உடனே. “கூரை போனா போகுது.”

“எங்கம்மா போகும்? ஏற்கெனவே போயிடுச்சு.”

கால் வாசற்படியில் நேற்றைப் போலவே நின்றது. சித்தி முன்னால் போய்க் கட்டிலை ஓட்டைக்குக் கீழே இழுத்துப் போட்டாள், அதன்மேல் ஸ்டூலை வைத்தாள், வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சின்னு உள்ளே வந்தாள். ஏறினாள். சித்தி ஒரு காலையும் அம்மா ஒரு காலையும் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் பிடியில் கணுக்கால் வலித்தது.

“இந்தத் தடவை கண்ணைத் திறந்து வச்சுக்கோ” என்றாள் சித்தி கீழேயிருந்து.

தலை ஓட்டைக்குள் போனது. உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது. ஈர மரத்தின் வாசனை. தார்ப்பாய் மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. அது இறங்குகிறபோது சின்னுவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கீழே இரண்டு கைகளும் இன்னும் இறுக்கின. சட்டத்தைப் பார்த்தாள். திருகாணிகள் வரிசையாக மரத்திலேயே நின்றிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கிழிந்த தகரத் துணுக்கு ஒன்று, சட்டையிலிருந்து பிய்த்த பொத்தானில் துணி ஒட்டியிருப்பதைப் போல மாட்டிக்கொண்டிருந்தது. துணுக்குகளின் ஓரம் துருவில்லாமல் வெள்ளையாகப் பளபளத்தது. அங்கே ஒன்றையும் யாரும் துடைக்கவில்லை. யாருக்கும் எட்டவில்லை.

அவள் எடுத்தாள். தள்ளி வைத்து எடுத்தாள், கிட்டக் கொண்டுபோய் எடுத்தாள். இடது மூலை, வலது மூலை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்தாள். அந்தப் பக்கம் மிச்சமிருந்த தகரத்தில் துளைகள் நீளநீளமாக இழுபட்டிருந்தன. அதையும் எடுத்தாள்.

இறங்கினாள். கட்டிலிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது. எழுந்திருக்கவும் தெம்பில்லை, அப்படியே இருந்தாள்.

சர்வேயர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இதுதான் வேணும். பிய்ச்சுக்கிட்டுப் போயிருக்கு, துரு இல்ல. எனக்கு அனுப்பும்மா.”

“சிக்னல்...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

“இருக்கு” என்றாள் சின்னு. அனுப்பினாள்.

அப்பா அந்த வாரக் கடைசியில் வந்தார். கதை முழுவதையும் சித்தி நடித்துக் காட்டினாள். அவர் முழங்கைப் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கே கட்டிலைத் தூக்கி, சீலிங் உடையாத எதிர்ச்சுவர் ஓரமாகப் போட்டார். புதுத் தலையணை ஒன்று வாங்கிவந்தார். மெத்தைக்கு ஒன்றும் வரவில்லை. “சுத்தமா இருந்ததுக்குத் தண்டனை” என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கூரைக்கு வந்தது.

புதுத் தகரம் அடித்து முடித்த அன்று, வேலைக்காரர்கள் போன பிறகு அறை முழுக்கத் தகரச் சீவலும் திருகாணியும் மரத்தூளுமாக இறைந்து கிடந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், வாசற்படியில் நின்றுவிட்டாள்.

“சின்னு, எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

“காட்டு.”

சின்னு அறைக்குள்ளிருந்தே போனை நீட்டினாள். அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நாலு மூலை, கூரை, தரை. கடைசிப் படத்தில் வாசற்படியில் துடைப்பத்தோடு அம்மாவே நின்றிருந்தாள்.

“இதை அழிச்சிடு” என்று சொல்லிவிட்டு அம்மா கூட்ட ஆரம்பித்தாள்.